சி-யும் கே3-யும் சேர்ந்தால் புராஸ்டேட் புற்றுநோய் அடங்குமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. தக்கலைப் பக்கம் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்பு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது, இடுப்பெலும்பிலும் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டு வருகிறோம். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நோயைக் கவனிக்கப் பார்க்கும் ரத்த அளவு) 0.8 வரை இறங்கியது, இப்போது 6-ல் நிற்கிறது. இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் சாப்பிடுகிறார். துபாயில் இருக்கும் மச்சான், வைட்டமின் சி-யையும் கே3-யையும் 100-க்கு 1 என்ற கணக்கில் சேர்த்துக் கொடுத்தால் 12 வாரத்தில் கட்டுப்படும் என்று சொல்லி இரண்டு குப்பி மாத்திரை கொடுத்து விட்டிருக்கிறார். கொடுக்கலாமா? ஊசியை நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடுத்தால் போதுமா? கீரையும் மட்டிப்பழமும் கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசியை நிறுத்த வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம். நாகர்கோவிலில் 30 வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக இருந்தவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டரிடம் சொல்லாததை மருந்துக்கடைக் கவுண்டரில் சொல்லும் ஆட்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். அதனால் இந்தக் குப்பிகள் எனக்குப் பழக்கம்.

உங்கள் மச்சான் சொன்னது வெறும் வாட்ஸ்அப் கதை இல்லை. அதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அதுதான் சிக்கலே. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போயிருப்பேன்.

1980-களில் பெல்ஜியத்தில் ஹென்றிக் டேப்பர் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் சி, கே3 இரண்டையும் சேர்த்துப் புற்றுச் செல்கள்மேல் சோதித்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் மிக அதிக அளவு தேவைப்பட்டது. சேர்த்துக் கொடுத்தபோது அதில் 10-ல் ஒரு பங்கு, 50-ல் ஒரு பங்கு அளவிலேயே செல்கள் அடங்கின. 100-க்கு 1 என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். அப்புறம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு குழு அதைப் புராஸ்டேட் புற்றுச் செல்களிலும் எலிகளிலும் தொடர்ந்தது. அந்தக் கூட்டுக்கு அபடோன் என்று பெயர் வைத்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். சி தன்னிடமிருக்கும் ஓர் எலெக்ட்ரானைக் கே3-க்குக் கொடுக்கிறது. கே3 அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜன் தலையில் கட்டிவிட்டு, வெறுங்கையோடு மறுபடியும் சி-யிடம் வந்து நிற்கிறது. இப்படியே போய்ப் போய் வர, அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்துகொண்டே இருக்கும். புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சரக்குதான். அந்த நுரை எதனால் வருகிறது தெரியுமா? நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைத்துத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக்குவதால். பல புற்றுச் செல்களில் இந்தக் கேட்டலேஸ் குறைவு. அதனால் நல்ல செல் தாக்குப்பிடிக்கும், கெட்ட செல் தாக்குப்பிடிக்காது என்பது கணக்கு. சோதனைக் குழாயில் வெளியிலிருந்து கேட்டலேஸ் சேர்த்ததும் மருந்தின் வேலை நின்றுபோனது. ஆக, வேலை செய்வது பெராக்சைடுதான் என்பது சரி.

செல் சாகும் விதமும் விநோதம். தன் உடம்பைத் துண்டு துண்டாக வெட்டி வெளியே போட்டுவிட்டு, கடைசியில் உட்கருவும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்புமாக நின்று அழியும். அதற்கு ஆட்டோஷைசிஸ் என்று தனிப் பெயரே வைத்தார்கள்.

சரி, மனிதர்களிடம்? 2008-ல் வெளிவந்த சோதனை ஒன்று இருக்கிறது. மச்சான் சொல்லும் 12 வாரம் அதிலிருந்து வந்ததுதான். வழக்கமான சிகிச்சைக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. தொடர்ந்து ஏறிய 17 பேர். தினமும் 5,000 மில்லிகிராம் சி, 50 மில்லிகிராம் கே3. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 13 பேருக்குப் பி.எஸ்.ஏ. ஏறும் வேகம் குறைந்திருந்தது, அது இரட்டிப்பாக எடுக்கும் காலம் நீண்டிருந்தது. மோசமான பக்கவிளைவும் இல்லை.

17-ல் 13 என்றதும் மனசு துள்ளும். ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் யாரும் இல்லை. 17 பேருக்கும் மருந்தே கொடுத்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. அது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு சோதனையைச் சொல்கிறேன். 2004-ல் ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை இதேபோல் பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வாங்கியவர்களில் 38 சதவீதம் பேருக்கு இரட்டிப்புக் காலம் ஒன்றரை மடங்குக்கு மேல் நீண்டது. நல்ல மருந்துபோல இருக்கிறதா? வெறும் மாத்திரை வாங்கியவர்களில் 40 சதவீதம் பேருக்கும் அதேதான் நடந்தது. பி.எஸ்.ஏ. தானாகவே சில மாதம் வேகமாகவும் சில மாதம் மெதுவாகவும் ஏறும். வேகமாக ஏறும் சமயம் பார்த்துத்தான் நாம் பயந்துபோய்ப் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம். அடுத்த மூன்று மாதம் அது தானே நிதானப்பட்டால் பெயர் நாம் தொடங்கியதற்குப் போய்விடும்.

ஆக, அபடோனைப் பற்றி நான் நினைப்பது இதுதான்: பொய்யில்லை, ஆனால் பாதியில் நிற்கும் வேலை. ஆயுளைக் கூட்டியது என்று காட்டும் பெரிய ஒப்பீட்டுச் சோதனை அதற்குப் பின்னால் வரவில்லை.

பாதியில் நிற்கும் நல்ல யோசனையை நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் புராஸ்டேட் விஷயத்திலேயே இரண்டு பெரிய பாடங்கள் இருக்கின்றன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. தினம் 50 மில்லிகிராம் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 32 சதவீதம் குறைவாக வந்தது. வேறொரு சோதனை செலினியம் என்ற தாதுச்சத்துக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. அப்படியானால் இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று 2001-ல் செலக்ட் என்ற சோதனையைத் தொடங்கினார்கள். 35,533 ஆண்கள். 2008-லேயே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், பலன் இல்லை. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 2011-ல் மறுபடி எண்ணிப் பார்த்தபோது, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. எதைத் தடுக்கக் கொடுத்தார்களோ அதுவே கூடியது. இதனால் கெடுதல் வரும் என்று 2001-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். நானே கவுண்டரில் நின்று அந்தப் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூலை எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது, வைட்டமின் டி. உடம்பில் அது கடைசியாக மாறும் கால்சிட்ரியால் என்ற வடிவத்தை டோசிடாக்சல் கீமோவோடு சேர்த்து 250 பேரிடம் சோதித்தார்கள். ஆயுள் கூடுவதுபோல் தெரிந்தது. உற்சாகமாகி 953 பேரோடு பெரிய சோதனை நடத்தினார்கள். கால்சிட்ரியால் பக்கத்தில் சாவு அதிகமாக இருந்ததால் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 250 பேரிடம் தெரிந்ததே 953 பேரிடம் தலைகீழாகப் போனது. 17 பேர் எந்த மூலைக்கு?

சி-யை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பழைய கதை உண்டு. இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங், 1976-ல் ஸ்காட்லாந்து டாக்டர் கேமரூனோடு சேர்ந்து, தினம் 10 கிராம் சி கொடுத்தால் புற்றுநோயாளிகள் நீண்டகாலம் இருக்கிறார்கள் என்று எழுதினார். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அதை முறையாகச் சோதித்தபோது பலன் தெரியவில்லை. பாலிங் ஆட்கள் நரம்பு வழியாகவும் கொடுத்தார்கள், மேயோவில் வாய் வழியாக மட்டும் கொடுத்தார்கள் என்று சண்டை நீண்டது. அந்தச் சண்டையில் நியாயம் உண்டு. வாய் வழியாக எவ்வளவு சாப்பிட்டாலும் குடல் ஓரளவுக்கு மேல் உள்ளே விடாது, மீதி சிறுநீரிலும் வயிற்றுப்போக்கிலும் போய்விடும். நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் அதைப்போல் பல பத்து மடங்கு ஏறும். சரி என்று டென்மார்க்கில் ஹார்மோன் ஊசிக்கு அடங்காத புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு நரம்பு வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள். பி.எஸ்.ஏ. இறங்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டு மேசையிலிருக்கும் குப்பிக்கு வருவோம். முதல் வேலை, லேபிளைத் திருப்பிப் படியுங்கள். கே என்பது ஒரே பொருள் இல்லை. கீரையில் இருப்பது கே1. முட்டை மஞ்சள், இறைச்சி, சில புளிக்கவைத்த உணவுகளில் இருப்பது கே2. கே3 என்பது மெனடியோன், ஆலையில் செய்வது. அதை இன்றைக்கு அதிகம் தின்பது யார் தெரியுமா? பண்ணைக் கோழி. தீவனத்தில் கலக்கிறார்கள். மனிதர்களுக்கான சத்து மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது கே1 அல்லது கே2. ஒரு காலத்தில் பிறந்த குழந்தைக்கு ரத்தக்கசிவு வராமலிருக்கக் கே3 ஊசி போட்டதுண்டு. அளவு கூடியபோது சிவப்பணுக்கள் உடைந்து குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தது. அதனால்தான் கே1-க்கு மாறினார்கள். உங்கள் குப்பியில் கே2 என்று இருந்தால், மேலே நான் சொன்ன ஆராய்ச்சிக்கும் அந்தக் குப்பிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கே2-வோ மெனடியோனோ, எது இருந்தாலும் அப்பாவுக்கு ஆபத்துதான்.

அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார், இல்லையா? வார்ஃபரின் வேலை செய்வதே, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் கையைக் கட்டிப்போட்டுத்தான். கே1, கே2 நேராகவே அதை எதிர்க்கும். கே3-யும் உடம்புக்குள் போய்க் கே2 வடிவமாக மாறக்கூடியது. மாற்று வால்வு உள்ளவருக்கு ரத்தம் உறைந்தால் வால்வு அடைக்கலாம், பக்கவாதம் வரலாம். புற்றுநோய்க்குப் பயந்து கொடுத்த மாத்திரை வேறு வழியில் ஆளைக் கவிழ்த்துவிடும். மற்ற எல்லாக் காரணத்தையும் தள்ளிவைத்தாலும், இந்த ஒன்றுக்காகவே நான் கொடுக்க மாட்டேன்.

இன்னும் இரண்டு உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைவு உள்ளவர்களுக்குக் கே3-யும், அதிக அளவு சி-யும் ரத்தத்தை உடைக்கும். நம்மில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. அப்புறம் சிறுநீரகம். தினம் 5 கிராம் சி போனால் அதில் ஒரு பங்கு ஆக்சலேட் ஆகிக் கல்லாகப் படியலாம். புராஸ்டேட் வீங்கி மூத்திரப்பாதையை அமுக்கும் ஆட்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு கிரியேட்டினின். அப்பாவுக்கு அது எவ்வளவு என்று பார்த்தீர்களா?

பயோட்டின் பற்றியும் ஒரு வார்த்தை, இது பலருக்குத் தெரியாது. முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளிலும் பல கூட்டு வைட்டமின்களிலும் பயோட்டின் அதிக அளவில் இருக்கும். சில லேப் கருவிகளில் அது பி.எஸ்.ஏ. அளவை உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும். நோய் ஏறிக்கொண்டிருக்கும், தாளில் இறங்கியதுபோல் இருக்கும், வீட்டில் மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவோம். ரத்தம் கொடுக்கப் போகும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று லேப்பில் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் வைட்டமினே வேண்டாமா? அப்படியில்லை. ஹார்மோன் ஊசி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்குவதால் எலும்பு தேயும். கடற்கரையிலும் வயலிலும் வெயிலில் நின்ற மனுஷன், டி குறைவாக இருக்காது என்று நினைக்காதீர்கள். இந்த வயதில், அதுவும் நோயோடு வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் குறைவது சகஜம். ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்துத் தினம் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியமும், 800 முதல் 1,000 யூனிட் டி-யும் வேண்டும் என்பது பொதுவான அளவு. எலும்பில் பரவியவர்களுக்கு எலும்பைக் காக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுவார்கள். டி குறைவாக இருக்கும்போது அதைப் போட்டால் ரத்தக் கால்சியம் சட்டென்று இறங்கும். அதனால் முதலில் டி-யைச் சரிசெய்வார்கள். பல்லையும் காட்டிக்கொள்ளச் சொல்வார்கள், தாடை எலும்பு கெடும் வாய்ப்பு இருப்பதால். எனக்குத் தெரிந்து, அப்பாவுக்கு வைட்டமின் உருப்படியாக உதவும் இடம் இதுதான். புற்றைக் கொல்ல அல்ல, மருந்து செய்யும் சேதத்தைத் தாங்க.

இதிலும் ஒரு எச்சரிக்கை. 60,000 யூனிட் டி வாரத்துக்கு ஒன்று என்று சீட்டில் எழுதியிருக்கும். ஒரு பெரியவர் அதைத் தினம் ஒன்றாக இரண்டு மாதம் விழுங்கிவிட்டு, தீராத தாகம், மலச்சிக்கல், ஆளைத் தெரியாத குழப்பம் என்று வந்து நின்றார். வயதாகிவிட்டது, மறதி என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கால்சியம் எகிறியிருந்தது. நல்லவேளை, மீண்டுவிட்டார். மாத்திரை அட்டையில் கிழமையை எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி: 0.8-ல் இருந்த பி.எஸ்.ஏ. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏன் 6 ஆனது? டாக்டர் முதலில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்ப்பார். அது 50-க்குக் கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. அடுத்தடுத்து ஏறினால், ஊசி மட்டும் போதாத கட்டத்துக்கு நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். ஊசி வீண் என்று அர்த்தம் இல்லை. அதைத் தொடர்ந்துகொண்டே மேலே இன்னொன்றைச் சேர்ப்பார்கள். அபிராட்டிரோன், என்சலூட்டமைடு, டோசிடாக்சல் கீமோ என்று வரிசை இருக்கிறது. இவை ஆயிரக்கணக்கானவர்களிடம், ஒப்பிட்டுப் பார்த்து, ஆயுளைக் கூட்டுகிறது என்று நிரூபித்தவை. அபிராட்டிரோன் இப்போது இந்தியக் கம்பெனிகளே செய்வதால் விலை எவ்வளவோ இறங்கியிருக்கிறது. வழக்கமாக 1,000 மில்லிகிராம் வெறும் வயிற்றில், கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. 2018-ல் வந்த ஒரு சோதனையில் 72 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு 250 மில்லிகிராமைக் கொழுப்புக் குறைந்த காலைச் சாப்பாட்டோடு கொடுத்தார்கள். பி.எஸ்.ஏ. குறைவதில் அது முழு அளவுக்குச் சளைக்கவில்லை. சாப்பாட்டோடு சேர்ந்தால் அந்த மருந்து பல மடங்கு உள்ளே ஏறும் என்பதால் இந்த ஏற்பாடு. பணம் முட்டினால் இதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், இதயநோய் உள்ளவருக்கு ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் கவனிக்க வேண்டிய மருந்து அது. மச்சானுக்கு உதவ மனசிருந்தால் குப்பிக்குப் பதில் இதற்குப் பணம் அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே காட்டுவது என்று நம் ஊரில் குழம்ப வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நெய்யூர் மருத்துவமனை இருக்கிறது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் கத்தி பிடித்த அதே நெய்யூர். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் தக்கலையிலிருந்து ஒரே பஸ்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், எது எது அதில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது அந்த இரண்டு குப்பிகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வைத்தியர் யாராவது லேகியமோ கஷாயமோ கொடுத்திருந்தால் அதையும். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

இதற்கு நடுவில் அப்பாவுக்கு முதுகுவலி கூடி, கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, மூத்திரம் வராமல் நின்றாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், கொண்டுபோக வேண்டும். முதுகெலும்பில் பரவிய கட்டி தண்டுவடத்தை அமுக்கும் அறிகுறி அது. ஒரு நாள் தள்ளிப்போனால் பிறகு நடக்கவே முடியாமல் போகலாம்.

கடைசியாகச் சாப்பாடு. முருங்கைக்கீரையோ அகத்திக்கீரையோ நிறுத்த வேண்டாம். வார்ஃபரினுக்குக் கீரை ஆகாது என்று பலர் அடியோடு விட்டுவிடுவார்கள், அது தப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் எல்லா வாரமும் இரண்டு தடவை, அதே அளவு. ஒரு வாரம் கும்பாவாகவும் அடுத்த வாரம் ஒன்றுமில்லாமலும் போனால்தான் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஆடும். மீன்கறி தாராளமாகக் கொடுங்கள், நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் ஆயிற்று. மட்டிப்பழம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று கொடுக்கலாம். சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.